செயின் நழுவுகிறதா, கிராங்க் தட்டுகிறதா: பழைய சைக்கிளில் கோளாறு எங்கே என்று பிடிப்பது

பழைய சைக்கிளில் மிதிக்கும்போது ஏதாவது சத்தம் வந்தால் பெரும்பாலோர் முதலில் செயினைத்தான் மாற்றுகிறார்கள். பாதிப் பேருக்குச் சத்தம் அப்படியே இருக்கும். சிலருக்குப் புதுச் செயின் போட்ட பிறகு நிலைமை இன்னும் மோசமாகும். பெடலில் இருந்து பின்சக்கரம் வரைக்கும் உள்ள பாகங்கள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தே தேய்ந்தவை. அதனால் எதைத் தொடுவதற்கும் முன்னால் எது கெட்டிருக்கிறது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அதற்குப் பெரும்பாலும் காசே செலவாகாது. ஒரு ஸ்கேல், ஒரு பழைய துணி, கொஞ்சம் பொறுமை, இவ்வளவு இருந்தால் போதும்.

முதல் வேலை செயினைத் துணியால் அழுந்தத் துடைப்பது. செயின் வீலின் (பெடலோடு சேர்ந்து சுற்றும் முன்பக்கப் பல்சக்கரம்) பற்களுக்கு நடுவில் அடைந்திருக்கும் கறுப்புப் பசையையும் ஒரு குச்சியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். அழுக்கு மூடிய நிலையில் தேய்மானம், வளைவு, விரிசல் எதுவுமே கண்ணுக்குத் தெரியாது. துடைத்த உடனேயே பாதிச் சத்தம் நின்றுபோவதும் உண்டு.

சத்தத்தின் தாளத்தை முதலில் எண்ணுங்கள்

எந்தப் பாகம் என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. செயின் வீலில் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரை சுற்று சுற்றும். செயினில் 112 கண்ணி இருந்தால், முழுச் செயினும் ஒருமுறை சுற்றி வருவதற்குப் பெடல் இரண்டரை சுற்று போக வேண்டும்.

ஆகவே, ஒவ்வொரு பெடல் சுற்றுக்கும் சரியாக ஒருமுறை 'டக்' என்றால் பெடல், கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை), பி.பி. அச்சு (பாட்டம் பிராக்கெட், அதாவது இரண்டு கிராங்குக்கும் நடுவே ஃபிரேமுக்குள் சுற்றும் அச்சு), வளைந்த செயின் வீல் இவற்றில் ஒன்று. இரண்டு, மூன்று சுற்றுக்கு ஒருமுறை வந்தால் செயினில் ஏதோ ஒரு கண்ணி. ஒரே பெடல் சுற்றுக்குள் இரண்டு மூன்று முறை வந்தால் ஃப்ரீவீல் (பின்சக்கரத்தில் செயின் மாட்டும் பல்சக்கரம்) அல்லது பின்சக்கரம். அதைவிட வேகமாக 'கிறுகிறு' என்று இடைவிடாமல் வந்தால் காய்ந்த செயினோ, கியர் சைக்கிளாக இருந்தால் டெரெய்லரில் (செயினை ஒரு பல்லில் இருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கருவி) இருக்கும் குட்டிச் சக்கரங்களோதான்.

அப்புறம் இன்னும் இரண்டு சோதனை. மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சைக்கிளை ஓடவிடுங்கள். சத்தம் தொடர்ந்தால் அது சக்கரம், பிரேக், மட்கார்ட் சம்பந்தப்பட்டது. இங்கே சொல்லப்போவது எதுவும் அதற்கு உதவாது. அடுத்து, சீட்டில் இருந்து எழுந்து நின்று மிதியுங்கள். சத்தம் மறைந்துவிட்டால் சீட்டும் சீட் கம்பமும்தான் காரணம். கம்பத்தைக் கழற்றித் துடைத்து, லேசாக கிரீஸ் தடவிப் போட்டால் சரியாகிவிடும். இந்தச் சத்தம் ஃபிரேம் வழியாக இறங்கி வந்து பி.பி.யில் இருந்து வருவதுபோலவே கேட்கும். இதை நம்பி நல்ல பி.பி.யைப் பிரித்துப் போட்டவர்கள் நிறையப் பேர்.

அழுத்தி மிதித்தால் நழுவுகிறது

மேட்டில் ஏறும்போதோ, நின்ற இடத்தில் இருந்து கிளப்பும்போதோ கால் சட்டென்று கீழே போகிறது. இந்தக் கோளாறு இருக்கும்வரை எழுந்து நின்று மிதிக்காதீர்கள். முழு எடையும் ஒரு காலில் இருக்கும்போது நழுவினால் கைப்பிடி மேலேயே விழுவீர்கள்.

நழுவுவதில் இரண்டு வகை இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே முக்கியம். ஒன்று, செயின் பல்லின் மேல் ஏறித் தாண்டுவது. இதில் 'கடக்' என்று தெளிவான சத்தம் வரும், பாதத்தில் ஓர் உதை தெரியும். மற்றொன்று, செயின் பல்லில் ஒழுங்காக உட்கார்ந்திருக்க, ஃப்ரீவீல் உள்ளே பிடி விட்டுப்போவது. இதில் பெடல் வெறுமனே முன்னால் ஓடும். சந்தேகமாக இருந்தால் பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பெடலைக் கையால் முன்பக்கமாக அழுத்திப் பாருங்கள். ஃப்ரீவீலின் வெளிப்பற்கள் சுழன்று சக்கரம் அசையாமல் நின்றால் குற்றவாளி ஃப்ரீவீல்தான். அதைப் பிறகு பார்ப்போம்.

செயின் தாண்டுகிறது என்றால் முதலில் அளவெடுங்கள். சைக்கிள் செயினில் ஒரு பின்னுக்கும் (கண்ணிகளைக் கோத்திருக்கும் சிறு ஆணி) அடுத்த பின்னுக்கும் நடுவே சரியாக அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. புதுச் செயினில் 24 இடைவெளி சேர்ந்தால் 12 அங்குலம், 304.8 மி.மீ. ஓடஓட ஒவ்வொரு பின்னும் அதன் துளையும் உரசித் தேயும்; மொத்தமாகப் பார்க்கும்போது செயின் நீண்டிருக்கும். செயினை வண்டியிலேயே வைத்து, பெடலை லேசாக அழுத்திச் செயின் விறைப்பாக இருக்கும்போது ஸ்கேலை வையுங்கள். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யம். 24-வது இடைவெளி முடியும் பின்னின் நடு எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

306 மி.மீ. வரைக்கும் செயின் நன்றாகவே இருக்கிறது. 307-ஐ நெருங்கினால், கியர் சைக்கிளில் செயினை மட்டும் இப்போதே மாற்றினால் ஃப்ரீவீல் தப்பிக்கும். 308 ஆகிவிட்டால் செயின் மட்டுமல்ல, பின்பற்களும் அதோடு சேர்ந்து தேய்ந்திருக்கும். ஒற்றைக் கியர் சைக்கிள் இதைக் கொஞ்சம் கூடுதலாகவே தாங்கும், 308 வரை ஓட்டலாம்.

அளவு சரியாக இருந்தும் தாண்டுகிறதா? சமீபத்தில் செயின் மட்டும் மாற்றப்பட்டதா என்று யோசியுங்கள். பழைய செயின் தேயும்போது பின்பற்களையும் தன் அளவுக்கு ஏற்றபடி அரித்துவிடும். அந்தப் பல்லில் அரை அங்குல இடைவெளி உள்ள புதுச் செயின் உட்காராது. அழுத்தியதும் செயினின் ரோலர் (பின்னைச் சுற்றியுள்ள சிறு உருளை) பல்லின் சரிவில் ஏறி அடுத்த பல்லுக்குத் தாவும். கியர் சைக்கிளில் இதற்கு நல்ல அடையாளம் உண்டு. அதிகம் ஓட்டும் ஒன்றிரண்டு கியரில் மட்டும் தாண்டும், மற்றவற்றில் ஒழுங்காகப் பிடிக்கும். அப்படியானால் ஃப்ரீவீலை மாற்றுவது ஒன்றே வழி. பழைய தேய்ந்த செயினையே மறுபடி போட்டால் தாண்டுவது நிற்கும். அப்படிச் சில மாதம் ஓட்டுபவர்களும் உண்டு. ஆனால் அது செயின் வீலையும் சேர்த்துத் தின்னும் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

பல்லைக் கண்ணால் பார்த்துத் தேய்மானத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். செயின் வீல் பற்கள் தேய்ந்தால் கொக்கிபோல ஒருபக்கம் சாய்வது நன்றாகத் தெரியும். பின்பற்களில் அப்படித் தெரிவதற்கு முன்பே தாண்ட ஆரம்பித்துவிடும்.

எல்லாக் கியரிலும் தாண்டுகிறது, அதுவும் இரண்டு மூன்று பெடல் சுற்றுக்கு ஒருமுறை என்றால் ஒரு கண்ணி மடங்காமல் விறைத்திருக்கிறது. பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றிக்கொண்டே, கியர் சைக்கிளில் டெரெய்லரின் கீழ்ச் சக்கரத்தையும், ஒற்றைக் கியரில் பின்பல்லை ஒட்டியுள்ள கீழ்ச்செயினையும் பாருங்கள். விறைத்த கண்ணி அந்த இடத்தைக் கடக்கும்போது செயின் ஒரு துள்ளு துள்ளும். கடைசியாக யாராவது செயினைப் பிரித்துக் கோத்த இடம்தான் முதல் சந்தேகம். பின்னை அடிக்கும்போது இரண்டு பக்கத் தகடும் நெருங்கிவிடும். அந்தக் கண்ணியின் இருபுறமும் செயினைக் கைகளால் பிடித்து, பக்கவாட்டில் இப்படியும் அப்படியும் வளைத்துவிடுங்கள். தகடு சற்று விலகியதும் கண்ணி தானாக மடங்கும். துருப்பிடித்து விறைத்திருந்தால் எண்ணெய் விட்டு ஒருநாள் ஊறவிட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் கண்ணிகள் அப்படி இருந்தால் அந்தச் செயினோடு மல்லுக்கட்ட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். செயினின் அகலம் இரண்டு வகை. ஒற்றைக் கியருக்கு உட்பக்கம் எட்டில் ஒரு அங்குலம், கியர் சைக்கிளுக்கு அதைவிடக் குறுகலாக 32-ல் 3 அங்குலம். அகலச் செயினைக் குறுகிய பல்லில் ஓட்டலாம், கொஞ்சம் சத்தம் வரும், அவ்வளவுதான். குறுகிய செயினை அகலப் பல்லில் போட்டால் அது உள்ளே இறங்காமல் பல்லின் மேலேயே உட்கார்ந்து நழுவும்.

பெடல் சும்மா சுற்றுகிறது, வண்டி நகரவில்லை

ஃப்ரீவீலுக்குள் சிறிய ஸ்பிரிங்கால் தள்ளப்படும் நாக்குகள் இருக்கின்றன. அவை வெளிவளையத்தின் உட்பற்களில் மாட்டினால்தான் மிதிக்கும் விசை சக்கரத்துக்குப் போகும். பழைய எண்ணெயும் கிரீஸும் பசையாக இறுகினால் நாக்குகள் மடங்கியபடியே ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த காலையில் பிடிக்காமல், கொஞ்சம் ஓட்டிய பிறகு பிடித்தால் காரணம் இதுவேதான்.

சக்கரத்தைக் கழற்றிப் படுக்கவைத்து, சுழலும் பகுதிக்கும் நிற்கும் பகுதிக்கும் நடுவிலுள்ள இடுக்கில் மண்ணெண்ணெய் விட்டுச் சுழற்றிக்கொண்டே இருங்கள். மறுபக்கம் கறுப்பாக வடியும். தெளிவாக வடியும்வரை செய்து, நன்றாகக் காயவைத்து, பிறகு மெல்லிய எண்ணெய் சில சொட்டு விடுங்கள். இங்கே கிரீஸ் வேண்டாம், மறுபடி அதே ஒட்டல் வரும். சுழற்றும்போது வரும் 'டிக் டிக்' சீராக, கூர்மையாகக் கேட்டால் நாக்குகள் விழித்துக்கொண்டன. அதன் பிறகும் நழுவினால் ஸ்பிரிங் உடைந்திருக்கும் அல்லது நாக்கின் முனை மழுங்கியிருக்கும். பிரித்துச் சரிசெய்ய முடியும்தான், ஆனால் புது ஃப்ரீவீல் போடுவதே நம்பகம். கழற்றுவதற்கு அந்த ஃப்ரீவீலின் வெட்டுக்குப் பொருந்தும் டூல் வேண்டும். உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டினால் வெட்டு சிதைந்து அப்புறம் எதனாலும் கழற்ற முடியாது. மிதிக்க மிதிக்க அது தானாக இறுகும் வகை மரை என்பதால் நல்ல நீளமான கைப்பிடி இல்லாமல் அசையாது. புதிதைப் பூட்டும் முன் மரையில் கிரீஸ் தடவ மறக்காதீர்கள்.

இதற்கு நேர்மாறாக, மிதிப்பதை நிறுத்தியதும் மேல்ச்செயின் தொய்ந்து விழுந்தால் ஃப்ரீவீல் சரியாக விடுபடவில்லை என்று பொருள். அதே கழுவல்தான் வைத்தியம். ஃப்ரீவீல் சுழலும்போது லேசாகத் தள்ளாடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பலவற்றில் அது புதிதிலேயே இருக்கும்.

பின்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே (சக்கரத்தின் நடுக்குடம்) மூன்று கியர் உள்ள சைக்கிள் என்றால் கதை வேறு. ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் ஏ.டபிள்யூ. ரக ஹப்பில் இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவே எதுவும் பிடிக்காத ஓர் இடம் உண்டு. கேபிள் அளவு சற்றுத் தவறினாலும் அங்கே போய் நிற்கும். லீவரை இரண்டாம் கியரில் வைத்து, வலது பக்க நட்டின் ஓட்டை வழியாக உள்ளே பாருங்கள். சின்னச் செயின் கோத்திருக்கும் கம்பியின் தோள், அதாவது அதன் தடிமன் மாறும் விளிம்பு, அச்சின் முனையோடு சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கேபிளில் உள்ள திருகால் அந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே எதுவும் உடைந்திருக்காது. பெரும்பாலும் இது ஒன்றே போதும்.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்'

எளிதானதில் இருந்து தொடங்கலாம். பெடல் கிராங்கில் இறுகியிருக்கிறதா என்று ஸ்பேனரால் பாருங்கள். வலது பெடல் வழக்கமான மரை. இடது பெடல் எதிர்மரை, வண்டியின் முன்பக்கம் நோக்கித் திருகினால் இறுகும். பெடலையே கையால் பிடித்து அசைத்து, அதன் உள் அச்சு ஆடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து இரண்டு கிராங்கையும் கைக்கு ஒன்றாகப் பிடித்து, ஃபிரேமை நோக்கியும் வெளிநோக்கியும் தள்ளி இழுங்கள். இரண்டும் சேர்ந்து ஆடினால் பி.பி. கப் (குண்டுகள் ஓடும் கிண்ணம்) தளர்ந்திருக்கிறது அல்லது குண்டுகள் தேய்ந்திருக்கின்றன. ஒன்று மட்டும் ஆடினால் அந்தக் கிராங்க் அச்சில் தளர்ந்திருக்கிறது. அப்புறம் இரண்டு கிராங்கும் படுக்கை நிலையில் இருக்கும்போது இரண்டு பெடலையும் ஒரே சமயத்தில் கீழே அழுத்துங்கள். அரைச் சுற்று திருப்பி மறுபடி அழுத்துங்கள். அங்கே 'டக்' கேட்டால் தளர்வு உறுதி.

பழைய சைக்கிள்களில் கிராங்கைப் பிடித்திருப்பது பெரும்பாலும் காட்டர் பின். ஒருபக்கம் சரிவாகச் சீவப்பட்ட இரும்புப் பின். அந்தச் சரிவு அச்சின் தட்டையான வெட்டில் ஆப்பாக இறங்கிப் பிடிக்கிறது. இதில் எல்லோரும் செய்யும் வேலை நட்டை மேலும் மேலும் இறுக்குவது. அந்தச் சின்ன மரைக்குப் பின்னை இழுத்து இறக்கும் பலம் கிடையாது, மரைதான் அறுந்துபோகும். சரியான முறை: கிராங்கின் அடியில் கனமான இரும்புக் குழாயை நிறுத்தித் தரையோடு முட்டுக் கொடுங்கள், பின்னின் தலையில் சுத்தியலால் அழுத்தமாக அடித்து இறக்குங்கள், அதன் பிறகு நட்டைப் பூட்டுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் பி.பி. குண்டுகளில் இறங்கிக் கப்பில் பள்ளம் விழும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை அடித்து, நட்டை இறுக்குங்கள். சரிவில் பள்ளம் விழுந்த பின்னை மறுபடி பயன்படுத்தக் கூடாது. புதிது வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள், அதன் விட்டம் 9 மி.மீ., 9.5 மி.மீ. என்று மாறும். இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும். ஒரே திசையில் போட்டால் இரண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்காது.

சதுர முனை அச்சில் போல்ட்டால் பூட்டும் கிராங்க் என்றால் போல்ட்டை இறுக்கினாலே போதும், ஆனால் தாமதிக்கக் கூடாது. தளர்ந்தபடி ஓட்டினால் அலுமினியக் கிராங்கின் சதுரத் துளை விரிந்துவிடும். விரிந்த துளையை எப்படி இறுக்கினாலும் நிற்காது, கிராங்கையே மாற்ற வேண்டிவரும்.

பி.பி. கப்பைத் திறப்பதாக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: பெரும்பாலான சைக்கிள்களில் வலதுபக்கக் கப் எதிர்மரை. இத்தாலிய, பிரெஞ்சு மரை உள்ளவற்றில் இரண்டு பக்கமும் வழக்கமான மரை. சீர்செய்ய இடதுபக்கக் கப்பையும் அதன் பூட்டு வளையத்தையும் தொட்டாலே போதும். அச்சில் ஆட்டமும் இருக்கக் கூடாது, சுற்றும்போது கரகரப்பும் இருக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் கிடைக்கவே இல்லை என்றால் குண்டுகள் மாற வேண்டும். அவை கால் அங்குல விட்டம் உள்ளவை.

செயின் கழன்று விழுகிறது

ஒற்றைக் கியரில் முதல் சந்தேகம் தொய்வு. செயினின் நடுவில் விரலால் தூக்கி இறக்கினால் மொத்தம் அரை அங்குலம் அளவுக்கு ஆடலாம். அதைவிட அதிகம் என்றால் சக்கரத்தைப் பின்னால் இழுத்து இறுக்குங்கள். பெடலைச் சுற்றிக்கொண்டே பல இடங்களில் பாருங்கள், ஏனென்றால் பழைய செயின் வீல் சரியான வட்டமாக இருப்பது அபூர்வம். எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அங்கே கொஞ்சமாவது தொய்வு இருக்கும்படி வையுங்கள். விறைப்பாக இழுத்துக் கட்டினால் செயின் விழாது, ஆனால் மிதி கனக்கும், பி.பி.யும் ஹப்பும் சீக்கிரம் தேயும்.

இறுக்கிய சில நாளிலேயே மறுபடி தொய்கிறது, டயர் ஃபிரேமின் இடது காலில் உரசுகிறது என்றால் வலதுபக்க ஆக்சில் நட்டு பிடிக்கவில்லை. செயின் அந்தப் பக்கத்தை முன்னால் இழுக்கிறது. நட்டின் மரையையும், வாஷர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பின்னால் இருந்து குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் செயின் வீலும் பின்பல்லும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். செயின் வீல் சுற்றும்போது பக்கவாட்டில் அலைந்தால் வளைந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்து, நீளமான ஸ்பேனரால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். இரும்பு வீல் இதைத் தாங்கும். செயினை இணைக்கும் கிளிப்பையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அதன் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையில் இருக்க வேண்டும், மாறி இருந்தால் எதிலாவது உரசித் தெறித்துவிடும்.

கியர் சைக்கிளில் செயின் ஓரப் பல்லைத் தாண்டி விழுந்தால் டெரெய்லரின் எல்லைத் திருகுகள். ஒன்று சின்னப் பல் பக்கம், மற்றது பெரிய பல் பக்கம். பெரிய பல் பக்கத்தை முதலில் சரிசெய்யுங்கள், ஏனென்றால் அங்கே விழும் செயின் ஸ்போக்குக்குள் போய்ச் சக்கரத்தையே நிறுத்தும். திருகைத் தொடுவதற்கு முன் டெரெய்லர் மாட்டியிருக்கும் தகடு வளைந்திருக்கிறதா என்று பின்னால் இருந்து பாருங்கள். வலதுபக்கமாக வண்டி விழுந்திருந்தால் அது பெரும்பாலும் உள்நோக்கி வளைந்திருக்கும். அதை நிமிர்த்தாமல் திருகால் சரிக்கட்டினால் ஒரு கியர் சரியாகி இன்னொன்று கெடும்.

கியர் தானாக மாறுகிறது

பழைய வகை, அதாவது கிளிக் இல்லாத லீவர் என்றால் அதன் நடுவிலுள்ள திருகைக் கால் சுற்று இறுக்குங்கள். டெரெய்லர் ஸ்பிரிங் லீவரை மெல்ல இழுத்துக்கொண்டே போவதுதான் காரணம். பத்தில் எட்டுமுறை வேலை இதோடு முடியும்.

கிளிக் உள்ள லீவரில் செயின் பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் கேபிள் தளர்ந்திருக்கிறது. டெரெய்லர் பக்கத்துக் கேபிள் திருகை அரைச் சுற்று வெளியே எடுங்கள். சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கினால் அதை உள்ளே திருப்பிப் பார்க்கலாம், ஆனால் பழைய வண்டியில் அதற்குக் காரணம் பெரும்பாலும் கேபிள் உறைக்குள் பிடித்திருக்கும் துரு. கேபிளையும் உறையையும் சேர்த்து மாற்றுங்கள். பிரேக் கேபிள் உறை மலிவாகக் கிடைத்தாலும் இங்கே போடாதீர்கள். அது அழுந்தக்கூடியது, கிளிக் ஒருபோதும் சரியாக விழாது.

வெறும் கீச்சுச் சத்தம்

செயின் காய்ந்திருக்கிறது. துடைத்த செயினின் ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு எண்ணெய், பெடலைப் பின்னோக்கிச் சில நிமிடம் சுற்றல், பிறகு வெளியே தெரியும் எண்ணெய் முழுவதையும் துணியால் துடைத்தெடுத்தல். துரு நீக்கும் மெல்லிய ஸ்பிரே இதற்கு ஆகாது, சில நாளில் காய்ந்து போகும். டெரெய்லரின் குட்டிச் சக்கரங்களின் நடுவிலும் ஒரு சொட்டு விடுங்கள். அவற்றின் பற்கள் ஊசிமுனையாகக் கூர்ந்திருந்தால் மாற்றுங்கள்.